சூரியனுக்கு வாடகை வாங்குற ஊரு

மருமவனே, நேத்து ராத்திரி போனைப் போட்டு, "மாமா, கன்னியாமரியில சன்செட் பாக்க நல்ல ஸ்பாட் சொல்லுங்க"ன்னு கேட்டியே, நான் ஒடனே பதில் சொல்லல்லேன்னு ஒனக்கு மனத்தாங்கல். ஒன் அத்தை அடுக்களையில நின்னுக்கிட்டு, "பிள்ளை ஆசையாக் கேக்கான், ஒமக்கு வாயில என்ன கொழுக்கட்டையா"ன்னு கேக்கா. கொழுக்கட்டை இல்ல மக்கா, யோசனை. எழுபத்திமூணு வருசமா அவன் மேக்க போய் விழுகதைப் பாக்கேன். அவனுக்க விலாசம் கேட்டு எங்கிட்ட வந்த மொத ஆளு நீதான்.

எடம் இருக்கட்டும். எந்த மாசம் வாறே? அதைச் சொல்லாம எடத்தைக் கேக்கது, எந்தக் கோயில் கொடைன்னு சொல்லாம பந்தி எப்பம்னு கேக்க மாதிரி.

போன ஆனியில ஒருத்தன் வந்தான். ஒன்னைய மாதிரியே கம்ப்யூட்டர்ல சோலி பாக்க பய, எதுத்த வீட்டுக்காரருக்கு ஒறவு. கடலைப் பாத்த ஒரு லாட்ஜில 'சன்செட் வியூ' ரூமுன்னு சொல்லி, சாதா ரூமைவிட ஆயிரம் ரூவா கூட வாங்கிட்டாவ. பய நாலு மணிக்கே பால்கனியில நாற்காலியைப் போட்டுக் கடலைப் பாத்து உக்காந்துட்டான். அஞ்சு மணி ஆச்சு, ஆறு ஆச்சு, ஆறேகால் ஆச்சு. கடல் இருக்கு, சூரியனைக் காணல்ல. மூத்திரம் பெய்யப் போனவன் பாக்கான், பாத்ரூம் சன்னல் வழியா செவசெவன்னு வெளிச்சம். சூரியன் பின்பக்கம் தென்னந்தோப்புக்குள்ள பைய எறங்கிக்கிட்டு இருக்கு. ஆயிரம் ரூவா கூடக் குடுத்து கக்கூஸ்ல நின்னு சன்செட் பாத்தவன் நம்ம ஜில்லாவுல அவன் ஒருத்தன்தான் இருப்பான். லாட்ஜுக்காரரைக் குத்தம் சொல்லக்கூடாது கேட்டியா. சன்செட் வியூன்னுதான் எழுதிப் போட்டிருக்காரு, எந்த மாசத்து சன்செட்டுன்னு எழுதல்லையே.

வெவரம் என்னன்னா, சூரியன் எல்லா நாளும் ஒரே வாசல் வழியா வீட்டுக்குப் போறவன் இல்ல. பங்குனி ஏழெட்டுத் தேதியில நேர் மேக்க விழுவான். அதுக்கப்புறம் தெனம் கொஞ்சமா வடக்க ஒதுங்கி, ஆனி ஏழாந்தேதிக்கு நல்லா வடமேக்க போயிருவான். பெறவு திரும்பி வந்து, புரட்டாசியில மறுபடி நேர் மேக்கு. மார்கழியில தென்மேக்குக் கடைசி. நம்ம கரையும் லேசுப்பட்டது இல்ல. முனையிலேருந்து கோவளம், மணக்குடி, முட்டம்னு மேக்க நீளும்போதே பைய வடக்கயும் ஏறிக்கிட்டே போகும். அதனால ஐப்பசி பொறந்து மாசி முடிய, முனையில நின்னா சூரியன் சுத்தமாக் கடலுக்குள்ள எறங்கும். மத்த மாசத்துல கரையும் தோப்பும் குறுக்க வந்துரும். அந்த ஏழு மாசத்தையும் சேத்து நாங்க ஒங்களுக்கு வாடகைக்கு விடுகோம்.

அடுத்தாப்புல, வள்ளுவர் செலைக்குப் பின்னால சூரியன் விழுக மாதிரி போட்டோ எடுக்கணும்னு சொன்னியே. நல்ல ஆசை. 133 அதிகாரத்துக்கு 133 அடி, 2000 ஜனவரி 1-ஆம் தேதி தெறந்தது. ஆனா கரையில நின்னு பாத்தா அவரு நிக்கது கெழக்க. சூரியன் அவருக்குப் பின்னால எந்திரிக்கும், விழாது. அந்தப் போட்டோவுக்கு வெடியக்காலம் அஞ்சரைக்கு எந்திரிக்கணும்; ஒங்க வீட்டுல அந்தப் பழக்கம் யாருக்கு இருக்குன்னு எனக்குத் தெரியும். பாறைக்கே போய் நின்னு பாப்போம்னு நெனைக்காதே. இப்பம் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவருக்கும் நடுவுல 77 மீட்டருக்குக் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கு, காலுக்குக் கீழ அலை தெரியும். ஆனா பொழுது சாயும் முன்னாலேயே படகுல ஏத்தி, ஒன்னையக் கரையில கொண்டாந்து விட்டுருவாவ. சூரியனைத் தனியா விட்டுட்டு வரணும்.

பெறவு கோவளம். முனைக்கு மேக்க ரெண்டு மூணு கிலோமீட்டர், 'சன்செட் பாயிண்ட்'னு போர்டே உண்டு, நல்ல எடந்தான். போன்ல கோவளம்னு மட்டும் தட்டிராதே. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துல ஒரு கோவளம் இருக்கு. வண்டி ஒன்னைய அங்க கொண்டு விட்டுரும். அங்கயும் சூரியன் கடல்லதான் விழும், ஆனா ஒனக்கு ரூம் இருக்கது இங்க. மெட்ராசுக்குத் தெக்க இன்னொரு கோவளம் உண்டு. அது கெழக்குக் கரை. அங்க கடலைப் பாத்து சன்செட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்தா, மறுநாள் வெடிஞ்சிரும்.

எந்த மாசம் வந்தாலும் ஏமாத்தாத எடம் எதுன்னு கேட்டா முட்டத்தைச் சொல்லுவேன். பாறைக்கூட்டம் கடலுக்குள்ள தலையை நீட்டிக்கிட்டு நிக்கும். அதைத் தாண்டினா கரை சட்டுன்னு வடமேக்கா கொளச்சல் பக்கம் ஒடிஞ்சு போயிரும். அதனால ஆனியானாலும் மார்கழியானாலும் அங்க சூரியனுக்குக் கடலை விட்டா வேற போக்கெடம் இல்ல. இதைக் கண்டுபிடிச்சது நானில்ல, சினிமாக்காரரு. பாரதிராஜா 1981-ல 'அலைகள் ஓய்வதில்லை'க்கும், 1986-ல 'கடலோரக் கவிதைக'ளுக்கும் இங்கதான் வந்து நின்னாரு. படம் வந்த பெறவு ஊருல பாதி எளவட்டம் பாறையில ஏறி நின்னு பாட்டுப் படிச்சுது. ஒன் மாமனும் படிச்சான். ஒன் அத்தைகிட்ட அதைக் கேக்காதே. அவ வேற மாதிரி சொல்லுவா.

ஆனி ஆடியில முட்டத்துக்குப் போனா எடம் சரி, மேகம் சரியா இருக்காது. எடவப்பாதி மழை மேக்க கருப்புக் கம்பளியைத் தொங்கவிட்டுரும். பத்து நாளுல ரெண்டு நாளு கம்பளிக்கு நடுவுல கிழிசல் விழுந்து, அதுக்குள்ள நெருப்பு வச்ச மாதிரி ஒரு காட்சி தெரியும் பாரு, மார்கழிச் சூரியனெல்லாம் அதுக்கு முன்னால பள்ளிக்கூடத்துப் பிள்ளை வரைஞ்ச படம். ஆனா மத்த எட்டு நாளும் நனைஞ்சுகிட்டுத் திரும்பணும். ஒனக்கு லீவு நாலு நாளு. கணக்குப் போட்டுக்கோ.

இதுல ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்ல. பாறையில பாசி புடிச்ச எடத்துல கால் வைக்காதே. சித்திரை வைகாசியில கடல் அமைதியா இருக்கேன்னு கரையோரம் போய் நிக்காதே. 'கள்ளக்கடல்'னு பேரு, காத்தும் இருக்காது, கோளும் இருக்காது, எங்கயோ தெக்க நடுக்கடல்ல அடிச்ச புயலுக்க அலை இங்க வந்து திடீர்னு ஏறும். 2024 மே மாசம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில, மருத்துவம் படிச்ச பிள்ளைகள் அஞ்சு பேரைக் கொண்டு போயிட்டு. கரையில வலை பின்னிக்கிட்டு இருக்க யாராவது 'எறங்காதே'ன்னு சொன்னா, அவருகிட்ட ஏன்னு கேக்காதே. ஏறி வந்து பெறவு கேளு.

சித்ரா பௌர்ணமிக்கு வாறேன்னு போன வருசம் ஒருக்கா சொன்னே. ஒரு பக்கம் சூரியன் விழும், மறுபக்கம் சந்திரன் எந்திரிக்கும், ஒலகத்துலயே அன்னைக்கு ஒரு நாளுதான்னு யாரோ ஒனக்குச் சொல்லியிருக்கான். சொன்னவன் கண்டிப்பா ரூம் வாடகைக்கு விடுகவனாத்தான் இருப்பான். மக்கா, பௌர்ணமின்னாலே அதுதானே! இவன் விழுக நேரத்துல எதுத்தாப்புல அவன் எந்திரிக்கதுக்குப் பேருதான் பௌர்ணமி. சித்திரையில சூரியன் வடக்க ஒதுங்க ஆரம்பிச்சிருவான், முனையிலேருந்து கடல்ல விழுகது கஷ்டம். நான் சொல்லுகேன், தைப் பௌர்ணமிக்கோ மாசிப் பௌர்ணமிக்கோ வா. அப்பம் இவனும் கடல்ல எறங்குவான், அவனும் கடல்லேருந்து எந்திரிப்பான். பஞ்சாங்கத்தைப் பாத்து அன்னைக்கும் நில்லு, முந்தின நாளும் நில்லு. ரெண்டுல ஒண்ணு அமையும். இதை வெளிய சொல்லிராதே. சொன்னா மாசிக்கும் வாடகை ஏறிரும்.

சரி, எடமும் மாசமும் கெடச்சாச்சு. போய் நின்னு என்ன செய்வே? எனக்குத் தெரியும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்னு, கம்பு நுனியில போனை மாட்டி, ரெண்டு வெரலால சூரியனைப் புடிக்க மாதிரி பாவலா காட்டுவே. நீ வெரலைச் சரி பண்ணி முடிக்கதுக்குள்ள அவன் போயிருவான். நம்ம ஊருல சூரியன் சாஞ்சு சாஞ்சு போறவன் இல்ல, கெணத்துல வாளி போற மாதிரி நேர் செங்குத்தா எறங்குவான். அடி விளிம்பு தண்ணியத் தொட்டதுலேருந்து உச்சி மறையதுக்கு ரெண்டு நிமிசமும் கொஞ்சமும். அவ்வளவுதான். அதுலயும் ஒரு கள்ளம் இருக்கு. அடி விளிம்பு கடலைத் தொடுக மாதிரி ஒனக்குத் தெரியுதே, அந்த நேரம் உள்ளபடிக்கு அவன் முழுசாக் கீழ போயாச்சு. தண்ணிக்குள்ள கம்பை விட்டா ஒடிஞ்ச மாதிரி தெரியுமே, அது மாதிரி காத்து அவனுக்க வெளிச்சத்தை வளைச்சுத் தூக்கிக் காட்டுது. ஆளு வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழட்டின பெறவு, நீ வாசல்ல நின்னு அவனோட செல்பி எடுக்கே.

அவன் தலை மறைஞ்சதும் சனம் எப்படி எந்திரிச்சு ஓடும் தெரியுமா? சினிமாவுல வணக்கம் போட்ட மாதிரி. பஸ் புடிக்க, பஜ்ஜி வாங்க, சங்கு வாங்க, கலர் மண்ணுப் பொட்டலம் வாங்க. நீ உக்காரு. வெளையாட்டே அதுக்கப்புறந்தான். கால்மணி நேரம் கழிச்சு, கீழ போனவன் அங்க இருந்துக்கிட்டே மேகத்துக்கு அடிவயித்துல சாயம் அடிப்பான். செவப்பு, பெறவு ஊதா, பெறவு நம்ம மட்டிப்பழத் தோலு பழுத்துக் கறுக்கும்போது ஒரு நெறம் வருமே, அது. அதை மட்டும் பாத்துட்டு ஓடிராதே. திரும்பு. அந்த முனையில மட்டுந்தான் ஒனக்கு அந்தச் சௌகரியம் உண்டு. மேக்கயும் கடல், கெழக்கயும் கடல். சூரியன் விழுந்த கொஞ்ச நேரத்துல கெழக்கக் கடலுக்கு மேல ஈயத்தகடு மாதிரி ஒரு நீலப்பட்டை பைய எந்திரிக்கும். அதுக்கு மேல ரோஸ் கலர்ல ஒரு கரை, ஒன் அத்தைக்க பழைய கல்யாணச் சேலைக்கரை மாதிரி. மழைமேகம்னு நெனைச்சுக்காதே. அது பூமிக்க நெழல். நாம நிக்க இந்த மண்ணுருண்டைக்க நெழல் ஆகாசத்துல விழுந்து ஏறுகதை நின்னு பாக்கலாம். ஆயிரக்கணக்குல சனம் நிக்கும் அங்க. ஒருத்தன் திரும்பமாட்டான். நான் எத்தனையோ வருசமா எண்ணிக்கிட்டு இருக்கேன். இதுவரைக்கும் மூணு பேரு. அதுல ரெண்டு பேரு ஐஸ்காரன் எங்கன்னு பாக்கத் திரும்பினவங்க.

இப்பம் நீ கேப்பே, மாமா, நீங்க எங்க உக்காந்து பாப்பியன்னு. அங்கதான் சிக்கல். சீசன்ல நான் கடற்கரைக்கே போறதில்ல மக்கா. ஐப்பசி கார்த்திகையில ஐயப்பசாமிமாரு கூட்டம், மார்கழி தையில பள்ளிக்கூடத்துப் பஸ்ஸு. அன்னேரம் நான் தேரூர் குளத்துக்கரைக்குப் போயிருவேன். கடலுக்கு அலை உண்டு, குளத்துக்கு இல்ல; அதனால குளத்துல ரெண்டு சூரியன். ஒண்ணு தென்மேக்காச் சாயும், ஒண்ணு தாமரை எலைக்கு நடுவுல கெடந்து ஆடும். கூழைக்கடாவும் செங்கால் நாரையும் வந்து எறங்கும். கூட்டம்னு பாத்தா நானும், குளிச்சுக்கிட்டு நிக்க ரெண்டு எருமையும். எருமை ரெண்டும் சூரியனைப் பாக்கும். நான் சத்தியமாச் சொல்லுகேன், ஒன் சினேகிதமாரைவிட நல்லாப் பாக்கும்.

தேரூருக்கு ஒன்னையக் கூட்டிட்டுப் போவேன். ஆனா அங்க 'ஸ்பாட்'டுன்னு ஒரு வார்த்தை பேசினா, குளத்துல தள்ளிவிட்டுட்டு எருமையைத் தொணைக்கு வச்சுட்டு வந்துருவேன்.

நம்ம வீட்டுல தங்குன்னா ஏசி இல்லம்பே, எனக்குத் தெரியும். ஒன் அத்தை மரச்சீனிக் கெழங்கும் மீன்கறியும் வைக்காளாம், ஒரு நேரமாவது வந்து தின்னுட்டுப் போ. மாசத்தை மட்டும் முன்னால சொல்லிரு. ஆனி ஆடின்னா, லாட்ஜுல அட்வான்ஸ் கெட்டுகதுக்கு முன்னால மறக்காம ஒண்ணு கேட்டுக்கோ: பாத்ரூம் சன்னல் எந்தப் பக்கம்?