வந்தவர் நின்றாரா, படித்தாரா?

கே: ரிச்சர்ட்ஸ் பார்க் பக்கத்தில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறேன். எங்கள் வெப்சைட்டின் பவுன்ஸ் ரேட் 78 சதவீதமாம். ‘இது ரொம்ப மோசம்ண்ணா, மாசாமாசம் பணம் கட்டுங்க, சரி பண்ணித் தர்றேன்’ என்கிறார் அதைச் செய்துகொடுத்த தம்பி. கட்டலாமா?
– பேக்கரிக்காரர், ரிச்சர்ட்ஸ் டவுன்

ப: இப்போதைக்கு வேண்டாம். 78 என்பது நோயின் பெயர் அல்ல. நூறு வருகையில் 78 வருகை ‘ஈடுபாடு இல்லாதது’ என்று கூகுள் அனலிட்டிக்ஸ் எண்ணியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வருகையை செஷன் என்பார்கள். அது 10 நொடிக்கு மேல் நீடிக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கமாவது பார்க்கப்பட வேண்டும், அல்லது நீங்கள் முக்கியம் என்று குறித்துவைத்த செயல் ஏதாவது நடக்க வேண்டும். மூன்றில் ஒன்று நடந்தாலும் அது ஈடுபாடுள்ள செஷன். ஒன்றுமே நடக்காவிட்டால் பவுன்ஸ்.

இனி உங்கள் வாடிக்கையாளரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வேண்டியது போன் நம்பரும் கடை திறந்திருக்கும் நேரமும்தான். இரண்டும் முதல் பக்கத்தின் உச்சியிலேயே இருந்தால், ஏழே நொடியில் பார்த்துவிட்டு போன் போடுவார். கேக் விற்றாயிற்று, ஆனால் கணக்கில் அவர் பவுன்ஸ். நம்பர் எங்கே என்று தெரியாமல் நான்கு பக்கம் அலைந்து, சலித்துப்போய் வேறு கடைக்குப் போனவர்தான் கணக்கில் ‘ஈடுபாடுள்ளவர்’. ஆகவே தம்பியிடம் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். போன் நம்பரையோ வாட்ஸ்ஆப் பட்டனையோ யாராவது தொட்டால், அதை முக்கிய நிகழ்வாகப் பதியச் செய்யட்டும். ஒரு மாதம் கழித்து வரும் எண்ணை வைத்துக்கொண்டு பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

கே: எங்கள் டியூஷன் சென்டர் வெப்சைட்டில் 2022-இல் பவுன்ஸ் ரேட் மிக அதிகம். இப்போது அதில் பாதிகூட இல்லை. ஒன்றுமே மாற்றவில்லையே, எப்படி?
– ஆசிரியை, காக்ஸ் டவுன்

ப: நீங்கள் மாற்றவில்லை, கூகுள் மாற்றியது. பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் தரவு வாங்குவதை நிறுத்திவிட்டது. அதன் கணக்குப்படி, ஒருவர் ஒரே பக்கத்தை இருபது நிமிடம் ஊன்றிப் படித்துவிட்டு மூடினாலும் பவுன்ஸ்தான். இப்போதுள்ள கூகுள் அனலிட்டிக்ஸ் 4 (ஜிஏ4) கணக்கில் 10 நொடியைத் தாண்டினாலே அவர் தேறிவிடுவார். முழக்கோல் மாறிய பிறகு துணி வளர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. இரண்டு காலத்து எண்களையும் ஒரே வரைபடத்தில் போட்டு பெற்றோர்களிடம் காட்டிவிடாதீர்கள்.

கே: ஆயிரம் ரூபாய்க்கு ஐயாயிரம் ‘விசிட்டர்’ தருகிறேன் என்று மெயில் வருகிறது. வாங்கலாமா?
– தையல் கடை, ஃபிரேசர் டவுன்

ப: வருவது பெரும்பாலும் ஆட்கள் அல்ல, ரோபோக்கள். ரோபோ ரவிக்கை தைத்துக்கொள்ளாது. மெயிலை அழியுங்கள்.

கே: ஒருவர் எவ்வளவு நேரம் படித்தார் என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?
– கல்லூரி மாணவி, ரிச்சர்ட்ஸ் டவுன்

ப: படித்தாரா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. பக்கம் திரையில் முன்னால் இருந்ததா என்பது மட்டும்தான் தெரியும். பழைய முறையில் அதுவும் தெரியாது. முதல் பக்கம் திறந்தது 10.00 மணிக்கு, அடுத்தது 10.04-க்கு என்றால், முதல் பக்கத்தில் நான்கு நிமிடம் என்று கழித்துக் கண்டுபிடிக்கும். கடைசிப் பக்கத்துக்கு ‘அடுத்தது’ கிடையாதே! ஆகவே அதில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் பெரும்பாலும் பூஜ்யம்தான். நன்றாக எழுதப்பட்ட எத்தனையோ ஒற்றைப் பக்கக் கட்டுரைகளை யாரும் படிக்கவில்லை என்று வெகுகாலம் நம்பவைத்தது இந்தப் பூஜ்யம்தான். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

இப்போதைய முறையில், வேறு டேபுக்குத் தாவினால் கடிகாரம் நிற்கிறது, திரும்பி வந்தால் மறுபடி ஓடுகிறது. இது எவ்வளவோ தேவலை. ஆனாலும் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறவர் கணக்கில் வாசகர்தான்.

கே: எங்கள் கிளினிக் வெப்சைட்டுக்கு ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்க வழி உண்டா? ரிப்போர்ட்டில் சென்னை, ஹைதராபாத் என்றெல்லாம் வருகிறதே!
– பிசியோதெரபிஸ்ட், ரிச்சர்ட்ஸ் டவுன்

ப: ரிப்போர்ட்டில் வழியில்லை. வருகிறவரின் ஐபி முகவரியை வைத்து நகரம் வரைக்கும் ஊகிக்கிறார்கள், பேட்டை வரைக்கும் இறங்க முடியாது. மொபைல் டேட்டாவில் வருகிறவர் உங்கள் தெருமுனையில் நின்றாலும், அவருடைய நெட்வொர்க் வேறு ஊர் வழியாக வெளியே போனால் அந்த ஊர்க்காரர் ஆகிவிடுவார். அப்பாயின்ட்மென்ட் கேட்கிறவரிடம் ‘எந்த ஏரியா?’ என்று ரிசப்ஷனில் கேட்பதே சரியான கணக்கு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது அதைவிட முக்கியம். அப்பாயின்ட்மென்ட் படிவத்தை நிரப்பி அனுப்பியதும் ‘நன்றி’ என்று ஒரு பக்கம் வருமே, அதன் முகவரியில் நோயாளியின் பெயரோ போன் நம்பரோ ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வந்தால், அந்த முகவரி அப்படியே அனலிட்டிக்ஸுக்குப் போய்ச் சேரும். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை அனுப்பக் கூடாது என்பது கூகுளின் விதியே. 2023-இல் நம் நாட்டிலும் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், முதுகுவலி என்று உங்களை நம்பி வந்தவரின் பெயர் வேறொரு கம்பெனியின் கணினிக்குப் போகலாமா?

கே: 400 யூசர் என்றால் 400 பேர்தானே?
– புத்தகக் கடை, சிவாஜிநகர்

ப: இல்லை. பிரௌசர்களை எண்ணுகிறார்கள், ஆட்களை அல்ல. காலையில் போனிலும் மதியம் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் பார்க்கும் ஒருவர் பொதுவாக இரண்டு யூசர். ஒரே போனைப் பார்க்கும் அம்மாவும் மகளும் ஒரு யூசர். ஐபோன்காரர்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். வந்தவரை அடையாளம் காண அனலிட்டிக்ஸ் பிரௌசரில் வைக்கும் ‘குக்கி’ என்ற சிறு குறிப்பை சஃபாரி பிரௌசர் 2019 முதல் ஏழு நாளில் அழித்துவிடுகிறது. பத்து நாளைக்கு ஒருமுறை தவறாமல் வந்து புது வரவுகளைப் பார்க்கும் உங்கள் விசுவாசமான வாசகர், ஒவ்வொரு முறையும் ‘புதியவர்’ என்று பதிவாவார். ‘திரும்பி வருகிறவர்கள் குறைவு’ என்று ரிப்போர்ட் சொன்னால் மனம் உடைய வேண்டாம்.

கே: சராசரியாக ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கிறார்களாம். சந்தோஷப்படலாமா?
– சமையல் வகுப்பு நடத்துபவர், காக்ஸ் டவுன்

ப: பத்துப் பேர் வந்தார்கள் என்று வையுங்கள். ஒன்பது பேர் ஐந்து நொடியில் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் பத்து நிமிடம் நின்றார். சராசரி 64.5 நொடி. ஒரு நிமிடம் நின்றவர் அதில் ஒருவர்கூட இல்லை. அந்தப் பத்து நிமிடக்காரர் எந்தக் குறிப்பைப் படித்தார் என்று பக்கவாரியாகப் பாருங்கள். சந்தோஷப்பட வேண்டியது அங்கேதான்.

கே: தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் எழுதுகிறேன். யாராவது படிக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ரிச்சர்ட்ஸ் டவுன்

ப: ஐயா, இன்று வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது. மற்றவர்களின் கணக்கு அவரவர் பாஸ்வேர்டுக்குள் இருக்கிறது. உங்கள் கணக்கு ஊருக்கே பொது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் கூகுள் அனலிட்டிக்ஸைப் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் எத்தனை பார்வை என்று தானே எண்ணி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிடுகிறது. 2015 ஜூலை முதல் நாள்வாரியாகக் கிடைக்கும். தேடுபொறி ரோபோக்களைத் தனியே பிரித்து, மனிதர்களின் பார்வையை வேறாகக் காட்டுவார்கள். மொபைலில் எத்தனை, கம்ப்யூட்டரில் எத்தனை என்பதும் தெரியும். கட்டுரையின் ‘பக்கத் தகவல்’ இணைப்பைத் தொட்டால் கடந்த 30 நாள் பார்வை இருக்கும்.

யார் படித்தார், எத்தனை நிமிடம் படித்தார் என்பது அங்கே தெரியாது. வாசகரைப் பின்தொடராமல் வாசிப்பை மட்டும் எண்ணுகிறார்கள். நான் பார்த்தவரையில் மிகக் கண்ணியமான அளவீடு இதுதான். உங்கள் கட்டுரைக்கு ஒரு நாளைக்கு மூன்று பார்வை என்றால் வருடத்துக்கு ஆயிரத்தைத் தாண்டும். வகுப்பறையில் ஆயிரம் பேரை உட்காரவைக்க உங்களுக்கு எத்தனை வருடம் ஆகியிருக்கும்? எழுதுங்கள்.

கே: வீடியோவுக்கு எதைப் பார்ப்பது, வியூஸா, நேரமா?
– நடனப் பள்ளி, ஃபிரேசர் டவுன்

ப: நேரம்தான். யூடியூப் 2012-லேயே பரிந்துரைகளுக்குக் கிளிக்கை விட்டுவிட்டுப் பார்த்த நேரத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் நேரத்தையும் விசாரித்துத்தான் நம்ப வேண்டும். 3 நொடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டும் சேர்த்துச் சராசரி போட்டதால் கணக்கு வீங்கிவிட்டது என்று 2016 செப்டம்பரில் பேஸ்புக்கே ஒத்துக்கொண்டது. சராசரியைச் சொல்கிறவரிடம், யாரையெல்லாம் சேர்த்தீர்கள் என்று கேளுங்கள்.

கே: போன கிறிஸ்துமஸுக்கு எந்த கேக்கை அதிகம் பார்த்தார்கள் என்று விவரமாகப் பிரித்துப் பார்க்கப் போனேன். இரண்டு மாதத்துக்கு முந்தையது ஒன்றுமே இல்லை!
– அதே பேக்கரிக்காரர்

ப: ஜிஏ4-இல் அந்த விரிவான அலசலுக்கான தரவு, நீங்கள் சொல்லாதவரை இரண்டு மாதம்தான் தங்கும். அட்மின் பகுதியில் ‘டேட்டா ரிடென்ஷன்’ என்று இருக்கும், அதை 14 மாதமாக்குங்கள். காசு கிடையாது. அழிந்தது திரும்ப வராது, ஆனால் இந்த டிசம்பர் அடுத்த டிசம்பருக்குக் கைவசம் இருக்கும். பொதுவான ரிப்போர்ட்டுகளுக்கு இந்தக் கெடு இல்லை. போன கிறிஸ்துமஸில் எந்தப் பக்கத்துக்கு எத்தனை பார்வை என்பதை அங்கே இப்போதும் எடுக்கலாம். பிளம் கேக் பக்கத்தில் தொடங்குங்கள்.