போனின் முகப்பு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: புது போனை இயக்கியதுமே, நான் கேட்காத சமூக ஊடகச் செயலி முகப்பில் நிற்கிறது, நீக்கவும் முடியவில்லை. முழுத் திரையையும் இவர்களே எடுத்துக்கொள்வார்களா?
– ஒரு வாசகர், ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை

பதில்: ஒருமுறை எடுத்தும் பார்த்தார்கள். 2013 ஏப்ரலில் வந்த 'ஃபேஸ்புக் ஹோம்', ஆண்ட்ராய்டு போனின் முகப்பையும் பூட்டுத்திரையையும் நண்பர்களின் பதிவுகளால் நிரப்பியது. அதற்கென்றே வந்த எச்டிசி ஃபர்ஸ்ட் போன் அமெரிக்காவில் ஒப்பந்தத்தோடு 99.99 டாலர். ஒரே மாதத்துக்குள் 99 சென்டுக்கு இறங்கியது! விருந்தாளிக்கு இலை போடுவோம். வீட்டுச் சாவியைக் கொடுக்க மாட்டோம்.

நம்மிடம் அதே ஃபேஸ்புக் நிறுவனம் இலவச இணையம் என்று வந்தது. 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து, தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் 'இன்டர்நெட்.ஆர்க்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த தளங்களுக்கு மட்டும் கட்டணம் இல்லை. தளத்துக்குத் தளம் கட்டணம் மாறக் கூடாது என்று 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடுத்தது. லட்சக்கணக்கில் மக்கள் எழுதிக் கேட்ட பிறகு கிடைத்த வெற்றி அது.

கூகுளையும் சட்டம் விடவில்லை. தன் செயலிகளை போனில் கட்டாயமாக ஏற்றவைத்தது உள்ளிட்ட காரணங்களுக்காக, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

உங்கள் போனில், செட்டிங்ஸில் அந்தச் செயலியைத் திறந்து 'டிஸேபிள்' இருந்தால் அழுத்துங்கள். குறைந்தபட்சம் முகப்பிலிருந்தாவது அகற்றி, அறிவிப்புகளை நிறுத்துங்கள். காசு கொடுத்தவர் நீங்கள். முகப்பில் யார் நிற்பது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள்.