காக்கா எடுக்கவா இவ்வளவு பெரிய கேமரா?

மயிலாப்பூரில் நீள லென்ஸோடு நடமாடுகிறவன் கண்ணில் பறவை படுவதற்கு முன், மனிதர்கள் கண்ணில் அவன் பட்டுவிடுவான். லஸ்ஸிலிருந்து மாட வீதிக்கு வருவதற்குள் விசாரணை நிச்சயம். "ஷார்ட் ஃபிலிமா சார்?" என்பார் இளநீர்க்காரர். முக்காலியைப் பார்த்துவிட்டால் போச்சு. "மெட்ரோ சர்வேயா? எங்க தெருவையும் தோண்டப் போறேளா?" என்று கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்வார் ஒரு மாமி. பறவை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. "அதுக்கு வேடந்தாங்கலுக்குன்னா போகணும்!" பறவைகளுக்கெல்லாம் ரேஷன் கார்டு அங்கேதான் என்று பலருடைய எண்ணம். அம்பாளே மயிலாக வந்து பூஜித்த ஊரில் நின்றுகொண்டு சொல்கிற பேச்சா இது?

கபாலி கோயில் தெப்பக்குளத்தில் விடிகாலையில் பாருங்கள். பாசி பிடித்த படியில் ஒரு மடையான் நிற்கும். தவிட்டு நிறம், கழுத்தில் கோடு. படி எது, பறவை எது என்று தெரியாது. கால் அசையாது, கழுத்து மட்டும் தண்ணீரை நோக்கி அங்குலம் அங்குலமாக நீளும். ஃபோகஸ் சரியாக விழுகிற அந்த நொடியில் ஒரு ஆட்டோ ஹாரன் அடிக்கும். விருட்டென்று கிளம்பும்போதுதான் தெரியும், சிறகு முழுக்க வெள்ளை வெளேரென்று. அந்த வெள்ளை கேமராவில் விழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆட்டோவையாவது மன்னிக்கலாம், சென்னைப் புழுக்கத்தை மன்னிக்க முடியாது. ராத்திரி முழுக்க ஏ.சி. அறையில் கிடந்த லென்ஸை அடையாறு முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய்ப் பையைத் திறந்தால், கண்ணாடி முழுக்க நீர் கோத்துக்கொள்ளும். துடைக்கத் துடைக்க மறுபடி கோக்கும். அது தெளிவதற்குள் மீன்கொத்தி காலைப் பலகாரத்தை முடித்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் கேமரா ஹாலில்தான் படுக்கிறது. எட்டு எட்டரைக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் கானல் ஆடும். தூரத்து நாரைக்கு நடுக்கம் கண்டுவிடும். எத்தனை லட்ச ரூபாய் லென்ஸும் அதற்கு மருந்தில்லை.

இதையெல்லாம் தாண்டினால் பூஞ்சை. ஈரக்காற்றில் நாலு மாதம் சும்மா வைத்தால் லென்ஸுக்குள் நூல் நூலாக ஓடிவிடும். ஆகவே மனைவி தி.நகரில் கைப்பை வாங்கினால், உள்ளே கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் என் பங்கு. லென்ஸ் இப்போது சமையலறை அலமாரியில், காற்றுப் புகாத டப்பாவில், அப்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டும் நமுத்துப்போகக் கூடாத ஜாதி.

இதே மயிலாப்பூரில், இன்றைக்கு ராதாகிருஷ்ணன் சாலையாகிவிட்ட எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் வாழ்ந்தவர் மா. கிருஷ்ணன், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல், 1996இல் காலமாகும் வரை, இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். காட்டு யானையை எழுதிய அதே கை வாசல் காக்கையையும் எழுதியது. உதிரிகளைச் சேர்த்துத் தாமே ஒரு கேமரா அமைத்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். படமெல்லாம் கறுப்பு வெள்ளை. இன்றைய கேமரா நொடிக்கு இருபது படம் எடுக்கிறது. எனக்குக் கிடைப்பவை மங்கலான இருபது மடையான்கள்.

ஆகவே, கடன் போட்டு லென்ஸ் வாங்க நினைக்கும் அன்பர்களே, முதலில் ஒரு பைனாகுலர் போதும். 2015 முதல் பொங்கலை ஒட்டி நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இருக்கிற இடத்திலேயே பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததை எண்ணி, இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றினால் நீங்களும் சேர்த்தி. மாட்டுப் பொங்கலன்று காலையில் கனுப்பிடி வைக்க மொட்டைமாடிக்குப் போவீர்கள் அல்லவா? வைத்த கையோடு இறங்கிவிடாமல் அங்கேயே நின்று எண்ணுங்கள். அந்தக் கணக்கில் காக்கையும் உண்டு.