உச்சியில குந்தினவன்

டேய் பேராண்டி, இப்டி வந்து குந்து. உணவுச் சங்கிலியில மனுசன்தான் உச்சின்னு நீ கத்திக் கத்திப் படிக்கிறது யானைக்கவுனி பாலம் வரைக்கும் கேக்குது. சந்தோசம். பால் பாக்கெட் வாங்கியாடான்னா எழுந்திரிக்காதவன், உச்சியில ஒக்காரத்தான் லாயக்கு.

நேத்து காசிமேட்டு வஞ்சிரத்தை நாலு துண்டு முழுங்கினியே, அந்த மீனுதான்டா உன் புஸ்தகம் சொல்ற மூணாம் நிலை நுகர்வோர். கடல்ல கண்ணுக்குத் தெரியாத பாசி மிதக்குது. அதைப் பொடி உயிருங்க மேயுது. அதை நெத்திலி துன்னுது, நெத்திலியை வஞ்சிரம் துன்னுது, வஞ்சிரத்தைத் தொரை துன்றாரு. படிக்குப் படி நூத்துல பத்து பங்கு சக்திதான் மேல ஏறும், மீதி நீந்தறதுலயும் மூச்சு வுடறதுலயும் கழிஞ்சிடும். லிண்டெமன்னு ஒரு அமெரிக்காக்காரரு 1942-ல எழுதினதுலேந்து வந்த கணக்கு. வால்டாக்ஸ் ரோட்டாண்ட வாழ்றவனுக்கு வரி புதுசா? வெள்ளைக்காரன் பட்டணத்து மதிலுக்கு வரி கேட்டான், கடல் ஒவ்வொரு படியிலயும் கேக்குது. 1 கிலோ வஞ்சிரத்துக்கு 10 கிலோ நெத்திலி, அதுக்கு 100 கிலோ பொடி உயிரு, அதுக்கு 1,000 கிலோ பாசி. உன் நாலு துண்டுக்கு எவ்ளோன்னு நீயே போடு. கணக்குல 35 மார்க்கு எடுத்த புலியாச்சே!

சுறாவும் மேலதான் குந்திகினு கீது. ஆனா வேலை செய்யுது. நடு சைஸ் மீனுங்க பெருத்துப் போய் குட்டி மீனையெல்லாம் வழிச்சிடாம பாத்துக்குது. நீ துன்னுட்டு இன்னா செய்ற? ஏப்பம் வுடற.

இன்னொண்ணு உன் வாத்தியாரு சொன்னாரா? சோறு மேல ஏற ஏறக் கொறையும், சில வெசம் ஏற ஏறக் கூடும். அனல் மின் நிலையத்துல எரியற நிலக்கரியில பாதரசம் கீது. அது தண்ணியில சேந்தா, சேத்துல கீற கிருமி அதை லேசுல உடம்பை வுட்டுப் போகாத சரக்கா மாத்திடும். சின்ன மீன்ல துளி, அதைத் துன்ற பெரிய மீன்ல மொத்தமும். ஜப்பான்ல மினமாட்டா ஊர்ல ஆலைக்காரன் கடல்ல வுட்ட பாதரசம் மீன்ல ஏறி, மொதல்ல பூனைங்க பேய் புடிச்சாப்புல ஆடிச் செத்துச்சுங்க. ஜனங்களுக்கும் அந்த நோவுன்னு 1956-ல வெளிய தெரிஞ்சுது. அவ்ளோ தூரம் ஏன், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்துல படிஞ்சப்போ, கூழைக்கடாவுங்க றெக்கையெல்லாம் கருப்பு அப்பிகினு நின்னுச்சுங்களே. அது மீன் வழியா ஏறல, நேரா மேல ஒட்டிக்கிச்சு. ஆனா அதுங்களும் மீன் துன்ற பெரிய மனுசங்கதான்.

அதனால நாளையிலேந்து நீ நெத்திலி துன்னு. ஒரு படி கீழ எறங்கி, புஸ்தகத்துல போட்ட மாதிரியே மூணாம் நிலைக்கு வந்துடுவ. வஞ்சிரத்தை மட்டும் உங்கம்மாவை இந்தத் தட்டுல வெக்கச் சொல்லு. எனக்கு எம்பது தாண்டிடுச்சு, இனிமே பாதரசம் சேர எங்கடா டைம்?