ஒன்பதெழுத்து ஊரும் ஒரு மைனஸும்

எங்கள் ஊரான சுங்கை ஆயர் தாவார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அந்தக் காலத்தில் ஆளுக்கொரு வேலை. குலை வெட்டுகிறவர் வெட்டுவார், உதிரி பொறுக்குகிறவர் பொறுக்குவார், கணக்கைக் கிராணி எழுதுவார். பிற்பாடு லினக்ஸ் பழகியபோது யூனிக்ஸ் சித்தாந்தம் எனக்குப் புதிதாகவே தெரியவில்லை. ஒரு நிரல் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும்; புது வேலை வந்தால் புதிதாக எழுது, பழையதில் ஒட்டுப் போடாதே என்று பெல் ஆய்வகத்து டக் மெக்கில்ராய் 1978-இல் எழுதி வைத்தார்.

எழுதி வைத்ததோடு சரி. 1983-இல் டொரன்டோ யூசெனிக்ஸ் மாநாட்டில் அதே ஆய்வகத்து ராப் பைக், கேட் கட்டளைக்கு ‘மைனஸ் வி’ சேர்த்ததே கேடு என்று சாடினார். கோப்புகளை ஒட்டித் தருவதுதான் கேட்டின் வேலை, மறைந்திருக்கும் குறிகளைக் காட்டுவது அல்ல. நியாயமான பேச்சு, யார் கேட்டார்கள்? கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைக்கு 1971-இல் இப்படிப்பட்ட மைனஸ் விருப்பக்குறிகள் ஐந்து. இன்றைய குனு எல்எஸ்ஸில் அறுபதை ஒட்டி இருக்கும். 2016-இல் அது, இடைவெளி உள்ள கோப்புப் பெயர்களுக்குத் தானாகவே மேற்கோள் குறி போடத் தொடங்கியது.

“மாமா, பேருக்கு ரெண்டு பக்கமும் யாரோ குறி போட்டிருக்காங்க, வைரஸா?” என்றான் மருமகன்.

“இல்லடா, வளர்ச்சி.”

இத்தனை வளர்ந்தும் எங்கள் ஊர்ப் பெயரை எண்ணத் தெரியவில்லை. ‘சுங்கை ஆயர் தாவார்’ என்று கொடுத்து, எண்ணிச் சொல்லும் டபிள்யூசி கட்டளையைக் கேளுங்கள். ‘மைனஸ் சி’ போட்டால் 50 பைட் என்னும். ‘மைனஸ் எம்’ போட்டால் 18 என்னும்: புள்ளி, கால், கொம்பு, இடைவெளி எல்லாம் தனித்தனி. தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை விரல்விட்டு ஒன்பது என்று சொல்லிவிடும். கட் கட்டளை இன்னும் விசேஷம். குனு கட், எழுத்தைக் கேட்டாலும் பைட்டைத்தான் வெட்டியது; ‘இப்போதைக்கு’ அப்படித்தான் என்று அதன் கையேடு பல்லாண்டுகளாகச் சமாதானம் சொல்லி வந்தது. எழுத்தின் நடுவில் வெட்டியபோது திரையில் கேள்விக்குறிதான் மிஞ்சியது.

மைனஸ்களைக் கண்டு சிரித்த எனக்கே இப்போது தமிழ் எழுத்தை எண்ண ஒரு மைனஸ் வேண்டியிருக்கிறது. கேட்டால் தர மாட்டார்கள், தராததும் சரிதான். தமிழ் எழுத்தைச் சரியாகப் பிரிக்க ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைத்தான் நிரலகம் ஏற்கெனவே இருக்கிறது. தம்பிகளே, அதை வைத்து எழுத்தெண்ணும் சின்னக் கட்டளை ஒன்றை எழுதுங்கள். அது எண்ணினால் மட்டும் போதும்; நிறமெல்லாம் வேண்டாம்.