ஆல்பத்தில் இல்லாதவன்

எவன் கையில் கேமரா இருக்கிறதோ, அவன் குடும்பப் படத்தில் இருக்கமாட்டான். எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புதியவர் யாராவது புரட்டினால், என் மனைவி தனியாளாய் நின்று குழந்தைகளை ஆளாக்கியவள் என்று கையெடுத்துக் கும்பிடுவார். கொலுவில் நான் இல்லை. அம்மா மண்டபத்து ஆடிப்பெருக்கில் இல்லை. கொள்ளிட மணலில் எடுத்த ஒரு படத்தில் மட்டும் என் நிழல் விழுந்திருக்கிறது. தொப்பை தெளிவாகத் தெரிகிறது.

எனவே தூரத்திலிருந்து இயக்கக்கூடிய கேமரா ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று. மொட்டைமாடியில், பின்னால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரிய, நடுவில் நான். செலவு தீபாவளிப் புடவையைத் தாண்டக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு.

இந்த ஆசைக்கு ராஜபரம்பரையே உண்டு. திரிபுரா மகாராஜா பீர்சந்திர மாணிக்கியர் 1880 வாக்கிலேயே மகாராணி மன்மோகினியை அணைத்தபடி, கையில் பிடித்த நீளக் கம்பியால் ஷட்டரை இயக்கித் தம்மைத் தாமே படமெடுத்துக்கொண்டார். நம் ஊருக்கு வாய்த்தவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிவந்து, 1858இல் மலைக்கோட்டையை அவ்வளவு அழகாக எடுத்தார். அந்தப் படங்களில் தேடிப்பாருங்கள், ட்ரைப் இருக்கமாட்டார். என் கட்சி.

"எல்லாக் கேமராவிலும் பத்து செகண்ட் டைமர் இருக்கே சார்" என்றார் கடைக்காரர். இருக்கிறது. பத்து விநாடியில் வேட்டி கட்டியவன் ஓட வேண்டும், காயும் வடாமைத் தாண்ட வேண்டும், திரும்பி நின்று சிரிக்கவும் வேண்டும். "ஏன்னா, முதுகு நன்னா வந்திருக்கு" என்பாள் மனைவி.

அடுத்தது அகச்சிவப்பு ரிமோட். டிவி ரிமோட்டின் தம்பி. நிக்கானுக்கு எம்எல்-எல்3 என்று தீப்பெட்டியைவிடச் சிறியது ஒன்று. போலிகள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ஆனால் கேமராவின் முகத்தில் அதற்கென்று ஒரு கண் இருக்க வேண்டும். டி3300இல் இருக்கிறது. பின்னால் வந்த டி3500இல் கண்ணையே எடுத்துவிட்டு, ப்ளூடூத்தில் கைப்பேசியோடு பேசிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். கேனான் 1500டியிலும் அந்தக் கண் கிடையாது. வயர் செருக ஒரு துளையும் வைஃபையும் உண்டு. புதிதாக வாங்கினால் எல்லாம் வசதி கூடியிருக்கும் என்று நம்பும் என் போன்றவர்களுக்காகத்தான் இப்படிச் செய்கிறார்களோ என்னவோ.

கண் இருந்தாலும் ஐந்து மீட்டருக்குள்தான் வேலை செய்யும். சூரியன் நம் முதுகுப்பக்கம் இருந்தால் அதுவும் சந்தேகம். எங்கள் மாடிக்குக் கோபுரம் தெற்கே. மார்கழி வெயிலும் தெற்கே சாய்ந்துதான் வரும். இரண்டையும் முதுகில் தாங்கி, கேமராவைப் பார்த்து நான் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தேன். எதிர்மாடி மாமி எனக்குக் கைநடுக்கம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அது போக, வேட்டியில் பை கிடையாது. அமுக்கி இரண்டு விநாடி கழித்துப் படம் விழும்படி வைத்துக்கொள்ளலாம்தான். அந்த இரண்டு விநாடியில் ரிமோட்டை இடுப்பில் செருகுவதற்குள் படம் விழுந்துவிடும். ஆல்பத்தில் முதன்முதலாக இடம்பிடித்த நான், அதில் இடுப்பைச் சொறிந்துகொண்டு நிற்கிறேன்.

வைஃபை வழி கௌரவமானது. கைப்பேசித் திரையிலேயே காட்சி தெரியும். யார் கண்ணை மூடியிருக்கிறார்கள் என்று பார்த்து அமுக்கலாம். ஆனால் அதைப் பார்ப்பதற்கே நான் குனிய வேண்டியிருப்பதால், எல்லாப் படத்திலும் என் வழுக்கை முன்னிலை வகிக்கிறது.

மனைவி தெப்பக்குளம் பக்கம் போனவள், செல்ஃபிக் குச்சியோடு தரும் ப்ளூடூத் பொத்தானை மட்டும் தனியாக வாங்கிவந்தாள். விலை, ஒரு வேளை டிபன் காசு. அது தன்னை ஒரு விசைப்பலகை என்று கைப்பேசியிடம் அறிமுகம் செய்துகொண்டு, ஒலி கூட்டும் பொத்தானை அமுக்கியது போல் சமிக்ஞை அனுப்புகிறது. கைப்பேசி அதை நம்பிப் படம் எடுத்துவிடுகிறது. வெயில் அதை ஒன்றும் செய்யாது. நேரே நீட்டவும் வேண்டாம். அங்கவஸ்திரத்துக்குள் வைத்தே அமுக்கலாம்.

குடும்பப் படத்துக்கு அதுவே போதும் என்பது என் தீர்ப்பு. இல்லை, கேமராதான் வேண்டும் என்று பழையது வாங்கப் போகிறவர்கள், மாடலின் பெயரைக் கேட்டு மயங்காமல், ரிமோட்டைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே அமுக்கிப் பாருங்கள். ரிமோட்டுக்குள் போட, புதிய சிஆர்2025 பட்டன் செல் ஒன்றும் சட்டைப்பையில் இருக்கட்டும்.