தடங்கலுக்கு வருந்துகிறோம்

பெறுநர்: தலைவர், விதிமுறைக் குழு, ஆசிய-பசிபிக் நாடுகளின் பாட்டுப்போட்டி (கற்பனையில் மட்டும் நடப்பது)
அனுப்புநர்: நேயர் தரப்பு
பொருள்: போட்டி விதிகளில் திருத்தம் கோருதல்
பார்வை: இல்லை

ஐயா அல்லது அம்மையீர்,

நாடுகளின் பொது ஒளிபரப்பு நிறுவனங்கள், அதாவது அரசுப் பணத்திலோ மக்களிடம் பெறும் உரிமக் கட்டணத்திலோ நடக்கும் வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள், தலைக்கொரு புதுப்பாட்டை அனுப்பி, எல்லாவற்றையும் ஒரே மேடையில் பாடவைத்து, பிறகு ஒன்றுக்கொன்று புள்ளி வழங்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஐரோப்பாவில் யூரோவிஷன் பாட்டுப்போட்டி என்று பெயர். அது 1956ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு தொடங்கி வளர்ந்தது. அதே மாதிரியில் ஆசிய-பசிபிக் நாடுகளுக்கும் ஒரு போட்டி வேண்டும் என்ற பேச்சு, தரகர் மட்டும் அலுக்காத வரன் பார்க்கும் படலம்போல, பல்லாண்டுகளாக நீண்டுவருகிறது. ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். நிறுவனம் 2016இல் அதற்கான உரிமையைப் பெற்றது. 2021இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2012இல் சியோலில் தொடங்கிய தொலைக்காட்சிப் பாட்டுத் திருவிழாவோ, யாரும் வெல்லாத, அதனால் யாரும் கோபித்துக்கொள்ளாத விழாவாக அமைக்கப்பட்டது. இவ்வட்டாரத்தை நன்கறிந்தவர்கள் எடுத்த முடிவு அது என்பதில் ஐயமில்லை. எனினும் புள்ளியும் பரிசும் உள்ள போட்டியையே நடத்துவது என்று மதிப்பிற்குரிய குழு கற்பனையிலேனும் துணியுமானால், ஐரோப்பிய விதிகளை அப்படியே பெயர்த்து நடுவதால் விளையக்கூடியவற்றை முன்கூட்டியே எடுத்துரைப்பது நேயர் தரப்பின் கடமையாகிறது.

முதலாவது, பாட்டு மூன்று நிமிடத்துக்கு மேற்படக் கூடாது என்ற விதி. ராகத்தின் உருவைச் சொற்களின்றிப் படிப்படியாக விரித்துக் காட்டும் ஆலாபனையில், மூன்று நிமிடம் என்பது பாடகர் சுருதி சேர்த்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு முதல் சங்கதிக்கு வரும் நேரம். மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியோ இந்தோனேசியாவை நேராகத் தாக்குகிறது. வெண்கலத் தகடுகளையும் தொங்கும் சேகண்டிகளையும் பலர் கூடித் தட்டி இசைக்கும் காமெலான் குழுவில் இருபதுக்கும் மேற்பட்டோர் அமர்வது வழக்கமாகையால், அவர்களுள் எந்த ஆறு பேர் மேடையில் இருப்பது, எஞ்சியோர் எந்தப் பேருந்தில் காத்திருப்பது என்பதைக் குழுவே தெரிவிக்க வேண்டும். முதன்மைக் குரல் மேடையிலேயே நேரடியாக ஒலிக்க வேண்டும் என்ற விதியால் இந்தியாவுக்கு வரும் இடர் இன்னும் நுட்பமானது. இந்தியத் திரையிசையில் பாடுபவர் ஒருவர், பாடுவதாகக் காணப்படுபவர் மற்றொருவர் என்பதும், மக்கள் முன்னவரின் குரலையும் பின்னவரின் முகத்தையும் ஒருசேர நேசிக்கின்றனர் என்பதும் குழுவுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே ஒரு பாட்டுக்கு இருவரை அனுப்பி, ஒருவரைத் திரைக்குப் பின்னே நிறுத்தவும் புள்ளியை இருவருக்கும் பங்கிடவும் தனி விதி தேவைப்படும். மேடையில் விலங்குகளுக்கு அனுமதியில்லை என்ற விதி மட்டும் யாருக்கும் இடையூறின்றி இருக்கலாம். யானையைக் கூட்டிவரும் திட்டம் எந்த நாட்டுக்கும் இருக்காது என்று நம்பினால்.

இனி, பாட்டைத் தேர்ந்தனுப்பும் நிறுவனங்களைப் பற்றியும் குழு தெரிந்துகொள்வது நல்லது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அசைந்தும் இழைந்தும் செல்லும் கமகம் என்னும் அணியை, கட்டைகளை அமுக்கி வாசிக்கும் அப்பெட்டியால் காட்ட முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். காரணம் இசையியல்படி சரியாகவே இருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. அந்த விலக்கம் 1971இல் தளர்த்தப்படும்வரை, கோயில் பஜனையிலும் நாடகக் கொட்டகையிலும் ஊரே கேட்ட ஒரு கருவி, வானொலி நிலையத்தின் வாசலோடு நின்றது. 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பா. வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அதன் நேரத்தைக் குறுக்கி, செவ்வியல் இசையைப் பெருக்கினார். மக்கள் திருந்தவில்லை, வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினார்கள். அதே ஆண்டு இலங்கை வானொலியில் தொடங்கிய பினாகா கீத்மாலா என்ற இந்திப் பாடல் வரிசை நிகழ்ச்சி இந்தியா முழுவதையும் கட்டிப்போட்டது. தமிழ்ப் பாடல்களுக்கு அதே நிலையத்தின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பு இருந்தது. கொழும்பிலிருந்து கிளம்பிய அலையை நாக்பூரும் கேட்டது, நாகப்பட்டினமும் கேட்டது. கடைசியில் 1957 அக்டோபரில் விவித பாரதி என்ற பொழுதுபோக்கு ஒலிபரப்பைத் தொடங்கி, விரட்டிய பாட்டைப் புதுடில்லியே வீட்டுக்கு அழைத்துவர வேண்டியதாயிற்று. ஆக, ஆசியாவில் ஒலிபரப்பு நிறுவனங்களுக்கிடையே நடந்த மெய்யான பாட்டுப்போட்டி அதுவே. நடுவரும் இல்லை, புள்ளியும் இல்லை, தோற்ற நாடு மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மொழி விதியிலும் குழு அவசரப்படலாகாது. பாட்டு அந்தந்த நாட்டின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்று ஐரோப்பியர் 1966இல் விதித்து, 1973இல் தளர்த்தி, 1977இல் மீண்டும் விதித்து, 1999இல் கைகழுவினர்; பெரும்பாலும் நாட்டுக்கு ஒன்றிரண்டு மொழி மட்டுமே உள்ள கண்டத்தின் கதை இது. எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் பப்புவா நியூ கினி ஆண்டுக்கொரு மொழியாக முறைவைத்துப் பாடினால் ஒரு சுற்று முடிய எட்டு நூற்றாண்டுக்குமேல் ஆகும். இந்தியத் தூர்தர்ஷன் 1988 ஆகஸ்ட் 15 அன்று முதன்முதலாக ஒளிபரப்பிய ‘மிலே சுர் மேரா துமாரா’ என்ற பாட்டு பதினான்கு மொழிகளை ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் அடக்கியது. அதைப் போட்டிக்கு அனுப்பினால் பாதி மொழிகளை வெட்டவேண்டும், எந்தப் பாதி என்று கேட்டால் நாடாளுமன்றம் கூடவேண்டும். இலங்கையின் நிலை நகைக்கத்தக்கதன்று. அந்நாட்டுத் தேசியகீதத்தின் தமிழ் வடிவம் சுதந்திர தின அரசு விழாவில் நெடுங்காலத்துக்குப் பின் 2016இல் பாடப்பட்டு, 2020இல் மறுபடியும் விடுபட்டது. சொந்த கீதத்தையே இரண்டு ஆட்சிமொழிகளிலும் பாடுவதா என்று முடிவு செய்ய இத்தனை ஆண்டு எடுக்கும் நாட்டிடம், ஆறு வாரத்தில் பாட்டைத் தேர்ந்தனுப்பச் சொல்வது கொடுமை.

ஒளிபரப்பு நேரத்துக்கு வருவோமானால் நிலைமை கணக்கு வாத்தியாரை நாடவேண்டிய அளவில் இருக்கிறது. போட்டி பாங்காக்கில் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தொடங்குவதாகக் கொண்டால், அப்போது ரியாத்தில் மாலை ஐந்து மணி, டெல்லியில் ஏழரை, டெல்லியோடு கால்மணி வேறுபடுவதை விட்டுக்கொடுக்காத காட்மாண்டுவில் ஏழே முக்கால், டோக்கியோவில் இரவு பதினொன்று. சமோவாவில் ஞாயிறு விடியற்காலை மூன்று மணி. அங்கிருந்து நூற்றுச்சொச்சம் கிலோமீட்டரில் உள்ள அமெரிக்க சமோவாவிலும் அதே மூன்று மணிதான், ஆனால் அது சனிக்கிழமை விடியற்காலை. ஏனெனில் சமோவா 2011 டிசம்பர் 30 என்ற நாளை நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டு, நாள் மாறும் கோட்டின் மறுபக்கம் போய்விட்டது. டோங்காவிலும் அது ஞாயிறாகையாலும், ஓய்வுநாள் புனிதமானது, அன்று தொழில் செய்யலாகாது என்று அந்நாட்டு அரசியல் சட்டமே கூறுவதாலும், டோங்காவின் பாடகர் பாடுவது தொழிலா வழிபாடா என்பதற்கு முன்கூட்டியே சட்ட ஆலோசனை பெற்றுவைப்பது நலம்.

வாக்கு விதியிலேதான் பெரிய சுரங்கம் இருக்கிறது. ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளுக்குப் பன்னிரண்டு, பத்து, பிறகு எட்டு முதல் ஒன்றுவரை புள்ளி தரலாம், தன் பாட்டுக்குத் தரக்கூடாது என்பது ஐரோப்பிய முறை. அங்கே ஜெர்மனியில் குடியேறிய துருக்கியர் தொலைபேசியை எடுத்தபோதெல்லாம் துருக்கிக்குப் புள்ளி குவிந்தது பழைய கதை. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடிமக்கள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. எஞ்சியோர் கேரளத்திலிருந்தும் பெஷாவரிலிருந்தும் டாக்காவிலிருந்தும் மணிலாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். ஆகவே அமீரகத்தின் பன்னிரண்டு புள்ளி என்பது அமீரகத்தின் கருத்தாக இராது. வெள்ளிக்கிழமை சம்பளம் வந்ததா, கைப்பேசியில் பணம் மீந்ததா என்பதைப் பொறுத்திருக்கும். மலேசியத் தமிழர்கள் இந்தியாவுக்கு வாக்களிப்பார்கள் என்று யாரேனும் கணக்கிட்டால், இந்தியா அனுப்புவது இந்திப் பாட்டாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 1970களின் பிற்பகுதியில் போலந்தின் சோப்போட் நகரில் நடந்த இன்டர்விஷன் என்ற சோஷலிச நாடுகளின் போட்டியில், தொலைபேசி இல்லாத வீடுகளில் பாட்டு பிடித்தால் விளக்கைப் போடும்படியும், மின்நிலையம் கூடுதல் பயன்பாட்டை அளந்து புள்ளி சொல்லும்படியும் ஏற்பாடு இருந்ததாக ஒரு கதை உலவுகிறது. அதை மெய்யென்று நம்பிக் குழு இங்கே நடைமுறைப்படுத்தினால், மின்வெட்டுள்ள ஊர்கள் எல்லாப் பாட்டையும் ஒரே அளவில் வெறுப்பதாகப் பதிவாகும்.

எஞ்சியது, அண்டை நாட்டின் பாட்டைக் காட்டுவதா என்ற கேள்வி. 1978இல் பாரிஸ் நகரில் நடந்த யூரோவிஷனில் இஸ்ரேல் பாடியபோது, நிகழ்ச்சியை ஒளிபரப்பிக்கொண்டிருந்த ஜோர்டான் தொலைக்காட்சி திரையில் ஒரு பூங்கொத்தின் படத்தைக் காட்டியது. இஸ்ரேல் வெல்வது உறுதியானதும் ஒளிபரப்பையே நிறுத்தி, இரண்டாமிடம் பெற்ற பெல்ஜியமே வென்றதாகத் தன் மக்களுக்கு அறிவித்தது. லெபனான் 2005இல், இஸ்ரேலின் பாட்டைக் காட்ட முடியாததால், பாடாமலேயே விலகிக்கொண்டது. 2018இல் சீனாவின் மாங்கோ தொலைக்காட்சி அயர்லாந்தின் பாட்டையும் அல்பேனியாவின் பாட்டையும் வெட்டியதால், மீதி நிகழ்ச்சியைக் காட்டும் உரிமையை இழந்தது. அதே 2018இல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் இந்திய நிகழ்ச்சிகளை அந்நாட்டு அலைவரிசைகளில் காட்டத் தடை விதித்தது. ஜப்பானிய மொழிப் பாடல் தட்டுகள் தென்கொரியாவில் தடையின்றி விற்கப்பட 2004வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒலிம்பிக் ஊர்வலத்தில் ‘சீன தைபே’ என்ற பெயரோடு நடக்கும் தீவு, இப்போட்டியில் எந்தப் பெயரில் பாடும், அதன் புள்ளியை அறிவிப்பாளர் எப்படி உச்சரிப்பார் என்பவற்றைத் தீர்க்க ஒரு துணைக்குழு போதாது. பாடல் வரிகளில் அரசியல் கூடாது என்று விதித்து 2009இல் ஜோர்ஜியாவின் பாட்டை, அதிலே புதினின் பெயர் ஒலிப்பதாக, ஐரோப்பியர் திருத்தச் சொன்னதும் ஜோர்ஜியா விலகியது. இங்கோ வரியே தேவையில்லை, பாடுபவரின் கடவுச்சீட்டே போதும்.

எனவே நேயர் தரப்பின் முதன்மைக் கோரிக்கை இது: ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடிக்காத அண்டை நாட்டின் பாட்டு வரும்போது காட்டுவதற்கான பூப்படத்தைப் போட்டிக்கு மூன்று மாதம் முன்னரே குழுவிடம் பதிவு செய்ய வேண்டும், ஒரே பூவை இரு நாடுகள் கோரினால் குலுக்கல் நடத்தலாம். பூ கிடைக்காத நாடுகளுக்கு, தூர்தர்ஷன் பல்லாண்டுகள் சோதித்துப் பார்த்த, எந்த மொழியிலும் எந்த அரசும் ஆட்சேபிக்காத ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை இருக்கிறது. எல்லா நாடுகளும் ஒரே இரவில் தடையின்றிக் காட்டக்கூடிய ஒரே நிகழ்ச்சி அதுவாகவே இருக்கும் என்பதால், அதற்கே பரிசளிப்பதையும் பரிசீலிக்கலாம்.

வென்ற நாடு அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்தும் என்ற மரபைக் குழு வைத்துக்கொள்ளுமானால், துவாலு வெல்ல வேண்டும் என்பது நேயர் தரப்பின் விருப்பம். இருபத்தாறு சதுர கிலோமீட்டர் பரப்பும் ஏறத்தாழ பதினோராயிரம் மக்களும் கொண்ட அந்நாட்டில் அரங்கம் இல்லாவிட்டால் என்ன, விமானம் வராத வேளையில் பிள்ளைகள் பந்தாடும் ஓடுபாதை இருக்கிறது. இணைய முகவரிகளின் கடைசியில் வரும் ‘டாட் டிவி’ என்ற எழுத்துகள் அந்நாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை என்பதால், உலகத் தொலைக்காட்சி நிறுவனங்கள் பல அதற்கு ஏற்கெனவே வாடகை கட்டிவருகின்றன.

மேற்கண்டவற்றின்மேல் ஆவன செய்து, செய்ய இயலாதாயின் அதையாவது எழுத்தில் தெரிவித்து, இம்மடல் கிடைத்ததற்கான ஒப்புகையைக் காலதாமதமின்றி அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
நேயர் தரப்பு

நகல்: அமெரிக்க சமோவா நேயர்களுக்கு, நேற்றைய தேதியிட்டு.